கண்மாய்க் கரையில் மீனாள்

மீனாளின் இடது கை நாயின் காதை மடக்கிப் பிடித்திருக்கும். வலது கையின் இரண்டு விரல்கள் உண்ணியைப் பிடுங்கி, பக்கத்தில் கொட்டாங்கச்சியில் இருக்கும் மண்ணெண்ணெயில் போடும். கண் மட்டும் கைகளைப் பார்க்காது. கண்மாய்க் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். காலை ஆறு மணிக்குக் கருவேல மரத்தடியில் இதுதான் அவளுடைய முதல் வேலை. "நசுக்கக் கூடாது நர்சம்மா. நசுக்குனா தலை உள்ளயே நின்னுரும்" என்று எனக்குப் பாடம் சொல்வாள். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் புண் கழுவிக் கட்டியவள் நான். அவள் சொல்வது சரிதான்.

வயது நாற்பத்தெட்டு. உடம்பு ஒல்லி, கெண்டைக்கால் மட்டும் கல். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருப்பாள். வெற்றிலை கிடையாது, பொடி கிடையாது. வறுத்த புளியங்கொட்டை ஒன்று எப்போதும் கன்னத்துக்குள் உருண்டுகொண்டிருக்கும். விசாலம் ஆச்சி வீட்டில் தண்ணீர் இறைப்பதும் மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் அவள் பொறுப்பு. நாலு வருஷமாக நாயை நடத்திக் கூட்டிப் போவதும் சேர்ந்துகொண்டது.

நாய் ராஜபாளையத்து ஜாதி. சுண்ணாம்பு வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம். ஆச்சியின் மகன் காவலுக்கென்று குட்டியாகக் கொண்டுவந்து, 'துரை' என்று பெயர் வைத்து, தினமும் இரண்டு மைல் சங்கிலியில் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு மதராஸுக்குப் போய்விட்டான். எங்கள் ஊரில் நாய்கள் தாமாகவே நடக்கும். அதனால் மீனாள் சங்கிலியும் கையுமாகக் கரையில் ஏறிய முதல் நாளிலிருந்து ஊருக்கு அவள் ஒரு வேடிக்கை.

"மீனாக்கா, யாரு யாரை இழுத்துக்கிட்டுப் போறீக?"

"உம் பொண்டாட்டி உன்னைய இழுத்துக்கிட்டுத் திரியுறால்ல, அந்த மாதிரிதான் அப்பு."

கேட்பவர்கள் புதுவயல் அரிசி மில்லுக்குப் போகிற சைக்கிள்காரர்கள். ரோடு வழியாகப் போனால் மூன்று மைல். கரை வழியாக ஒன்றரை. ஏழு மணிக்குச் சங்கு ஊதிவிட்டால் மில் கதவைச் சாத்திவிடுவார்கள். முப்பது சைக்கிள் வரிசையாகப் பறக்கும். கரையோ ஒரு சைக்கிளும் ஒரு ஆளும் தோள் உரசாமல் போக முடியாத அகலம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயலுக்குச் சரிவு.

மீனாள் இறங்கமாட்டாள். "நடக்குறவளுக்குத்தான் கரை. உருண்டு போறதெல்லாம் ரோட்டுப் பக்கம் அங்குட்டுப் போகட்டும்" என்பாள். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் கரையை விட்டு ஓர் அடி இறங்கி நான் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள்தான் இறங்கி, அவளைத் திட்டிக்கொண்டே தள்ளிப் போவார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தூரத்திலேயே மணி அடிக்க வேண்டும். "மணியடிடா! மணி எதுக்கு வச்சிருக்கு, அழகுக்கா?" என்று அவள் கத்துவது என் அடுப்படி வரைக்கும் கேட்கும். மணி கேட்டதும் நாயின் கழுத்தைப் பிடித்து, வருகிற சைக்கிளின் பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்துவாள். சைக்கிள் கடந்து போகும். நாய் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும்.

இன்னொரு பழக்கம். அவள் நாயைப் பற்றி ஓயாமல் பேசுவாள், மரியாதையாகவே பேசுவாள்: "துரைக்கு இன்னிக்கு மனசு சரியில்ல", "துரை பழைய சோத்தைத் தொடமாட்டாக". ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் வலது குதிகாலால் தரையில் இரண்டு முறை மிதிப்பாள். சோறு வைத்தாலும் இரண்டு மிதி. திமிர் என்றார்கள் ஊரில். எனக்கு அது என்னவென்று அறிய ஆசையாக இருந்தது. கேட்டால் "பழக்கம்" என்று புளியங்கொட்டையை மறு கன்னத்துக்குத் தள்ளிவிடுவாள்.

போன ஐப்பசியில் ஒரு காலை, தூறல். மீனாள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நாயோடு போனாள். பின்னாலிருந்து முத்துக்கருப்பன் வந்தான். மில்லில் நெல் அவிக்கிறவன், முப்பது வயது. சைக்கிள் நாயின் வாலை உரசியது. நாய் துள்ளித் திரும்பி அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அவன் சைக்கிளோடு வயலுக்குள் விழுந்தான்.

நான் போய்ச் சேர்வதற்குள் கடிவாயில் யாரோ சுண்ணாம்பை அப்பியிருந்தார்கள். மிளகாய்ப்பொடி வந்துகொண்டிருந்தது. எல்லாரையும் விலக்கிவிட்டு, சோப்புப் போட்டு, நாலு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அவன் கத்தினான், கத்தட்டும் என்று விட்டேன்.

"மூணு வாட்டி மணி அடிச்சேன் நர்சம்மா!"

"பொய். அடிக்கவே இல்ல" என்றாள் மீனாள். சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நாய்க்கு முன்னால் நின்றாள்.

அதற்குள் பத்துப் பேர் மண்வெட்டிக் காம்போடு வந்துவிட்டார்கள். நாயை அடித்துக் கொன்றுவிட வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி. முத்துக்கருப்பன் ஒரு காம்பைப் பிடித்து ஊன்றி எழுந்தான், முதல் அடி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று.

நான் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஊசி இன்றைக்கே தொடங்க வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு, ஒரு நாளைக்கு ஒன்று. நாய் பத்து நாள் வெறி நோவு இல்லாமல் இருந்தால் டாக்டர் நிறுத்திவிடுவார், உனக்கும் பயமில்லை. நாயைக் கொன்றுவிட்டால் நோவு இருந்ததா இல்லையா என்று கடைசி வரைக்கும் தெரியாது.

முத்துக்கருப்பன் காம்பைக் கீழே போட்டான். "அதை ஒருத்தனும் தொடக் கூடாது! சொல்லிப்புட்டேன்! எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு!"

விசாலம் ஆச்சி வீட்டு முகப்பில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "பத்து நாள் கொல்லையில கட்டிப் போடுங்க. காவலுக்குன்னு வந்துச்சு, காவலையும் காணோம், கடிக்க மட்டும் தெரியுது. இன்னொரு குறை என் காதுல விழுந்துச்சுன்னா, வந்த ஊருக்கே அனுப்பிப்புடுவேன்." மீனாளின் கன்னத்தில் உருண்டுகொண்டிருந்த புளியங்கொட்டை அப்போது நின்றது.

மில் மேஸ்திரியிடம் சொல்லி வைத்துவிட்டு, தினமும் காலையில் காரைக்குடிக்கு ஊசிக்குப் போகும் வழியில் முத்துக்கருப்பன் கொல்லைக் கதவில் வந்து நிற்பான். அந்த நாயை அவனைப் போல் யாரும் அக்கறையாக விசாரித்ததில்லை.

"தண்ணி குடிச்சுச்சா?"

"நீ குடிச்சியா அப்பு?"

"எச்சி வடியுதா?"

"ஒனக்குத்தான் வடியுது. தொடச்சுக்க."

ஐந்தாம் நாள் ஒரு பன் ரொட்டி வாங்கி வந்தான். ஏழாம் நாள், நாய் இளைத்திருப்பதாக அவளைக் கோபித்தான். ஒவ்வொரு நாளும் அவன் மணிச் சத்தம் கேட்கும்போது மீனாள் நாய்க்குப் பக்கத்திலேயே இருப்பாள். சங்கிலியை இழுத்து அதன் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்புவாள்.

பத்தாம் நாள் அவள் கிணற்றடியில் இருந்தாள். நாய் வைக்கோல் படப்பருகே கதவுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. முத்துக்கருப்பன் மணியை அடித்தான். நாய் அசையவில்லை. விடாமல் அடித்தான். காதுகூட ஆடவில்லை. சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"நர்சம்மா, அதுக்கு வந்துருச்சு! மணிச் சத்தத்துக்கு அசைய மாட்டேங்குது! எனக்கும் வந்துருமா?"

போய்ப் பார்த்தேன். கண் தெளிவு, வாயில் நுரை இல்லை, நடையில் தள்ளாட்டம் இல்லை. தண்ணீர் வைத்தேன், நக்கிக் குடித்தது. அவன் நம்பவில்லை. மறுபடி அதன் முதுகுப் பக்கம் போய் மணியை அடித்துக் காட்டினான். நாய் தண்ணீரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஆச்சிகிட்டச் சொல்லி மாட்டாஸ்பத்திரி டாக்டரக் கூப்புடணும். இப்பவே போறேன்" என்றான்.

"நில்லு" என்றாள் மீனாள். தண்ணீர்க் குடம் இடுப்பிலேயே இருந்தது. "நோவு இல்ல. துரைக்குக் காது கேக்காது."

"எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்து. வந்த வருசம் தீவாளிக்கு வெடி வெடிச்சப்ப ஊரு நாயெல்லாம் ஓடி ஒளிஞ்சுச்சு. துரை மட்டும் தூங்கிக்கிட்டிருந்தாக. அன்னிக்கே தெரியும் எனக்கு."

குதிகாலை இரண்டு முறை மிதித்தாள். நாய் தண்ணீரை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு இவ்வளவு நாள் புத்தி எட்டவில்லை; தரை அதிர்வதுதான் அதற்குக் கூப்பாடு.

முத்துக்கருப்பனுக்கு இப்போது கோபம் வந்தது. "அப்ப எதுக்கு நாலு வருசமா மணியடி, மணியடின்னு எங்க உசுர வாங்குனீக?"

"மணி அவுகளுக்கு இல்ல அப்பு. எனக்கு. நீங்க வாரது என் காதுல விழுந்தாத்தான அவுகளத் திருப்புவேன்? ஆளப் பாத்துட்டாக் கடிக்க மாட்டாக. பாக்காம வந்து தொட்டாத்தான் பயந்துருவாக."

"நான் அன்னிக்கு அடிச்சேன்."

"அடிச்சிருப்ப. சாக்கு என் காத மூடிருச்சு. நீ அடிக்கலன்னு ஊரு முன்னால சொன்னேன். தப்பு என்னோடது."

அவன் நாயைப் பார்த்தான். "ஆச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா இன்னிக்கே துரைய அனுப்பிருவாக."

சொல்லாதே என்று அவள் கேட்கவில்லை. குடத்துத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு மறுபடி கிணற்றுக்குப் போனாள். நாய்க்கு ஒன்றும் இல்லை, டாக்டரைக் கேட்டு ஊசியை நிறுத்திக்கொள் என்று நான் அவனுக்குச் சொன்னேன். அவன் வயிற்றைத் தடவிக்கொண்டான். சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, முன்வாசல் வழியாகப் போனான். முகப்பில் ஆச்சி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். கிணற்றடிக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. மீனாள் வழக்கம் போலத் துரையோடு கரையில் ஏறினாள். ஆச்சி வீட்டிலிருந்து யாரும் வந்து தடுக்கவில்லை. சைக்கிள்கள் மணியடித்து, திட்டி, இறங்கி ஏறிப் போயின. முத்துக்கருப்பன் கடைசியில் வந்தான். தூரத்திலேயே மணியை அடித்துவிட்டு, சைக்கிளை விட்டு இறங்கினான். வலது குதிகாலால் கரையில் இரண்டு முறை மிதித்தான். நாய் திரும்பவில்லை; மீனாளும் அதைத் திருப்பாமல் அவன் காலையே பார்த்தாள். நாலு எட்டு முன்னால் தள்ளி வந்து, பலமாக இரண்டு முறை மிதித்தான்.

"என்னடா, கால்ல எறும்பா?" என்று முன்னால் போனவன் ஒருவன் கேட்டான்.

"ஆமாடா" என்றான் முத்துக்கருப்பன்.

நாய் திரும்பி அவனைப் பார்த்தது. மீனாள் சங்கிலியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகி, கரையை விட்டு இறங்கிச் சரிவில் நின்றாள்.