ஜீப்பில் அவர்கள் பேசியது

அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தபோது நான் போடியில் ஒரு ஏலக்காய்க் கிடங்கில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். நல்ல பச்சைக் காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களில் நானும் ஒருத்தி. அறிமுகமே இல்லாத ஒரு ஆணின் குரல், “உன்னயப் பத்தித்தான் பேசுறாளுக” என்றது. முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பிறகு நம்பினேன். சில மாதங்களில், யார் எதைத் தின்னக் கொடுத்தாலும் அதில் ஏதோ கலந்திருக்கிறது என்று தோன்றிவிட்டது. வேலைக்குப் போவதை நிறுத்தினேன்.

அண்ணன் ஜீப் ஓட்டுகிறவர். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கம் போய்விட்டு, சாயங்காலம் இறக்கிவிடுவார். ஒருநாள் வண்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். மருத்துவர் மனச்சிதைவு நோய் என்றார். மாத்திரையில் தூக்கம் வந்தது, குரலும் பாதியாகக் குறைந்தது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. மனுசர்கள் கூடிப் பேசும் இடத்தைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

“மாத்திரையோட சேர்த்துப் பேச்சு சிகிச்சையும் எடுத்துப் பாருங்க” என்றார் மருத்துவர். அந்தச் சிகிச்சையால் மூளைக்குள் என்ன மாறுகிறது என்று அங்கே ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. சேர்வதும் சேராததும் என் இஷ்டம் என்று இரண்டு தடவை சொன்னார்கள். சேர்ந்தேன். தோடு, வளையல் எல்லாம் கழற்றிவிட்டு ஸ்கேன் குழாய்க்குள் படுத்தேன். கோபமாகவும் பயந்தும் இருக்கும் முகங்களைக் காட்டி, பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இயந்திரம் போட்ட சத்தத்தில் அந்தக் குரல் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வெளியே வந்ததும் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாமா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பேச்சு சிகிச்சை கொடுத்தவர் என்னைவிடச் சின்ன வயசு. மேடம் என்றுதான் கூப்பிடுவேன். குரலெல்லாம் பொய் என்று சொல்லப்போகிறார் என நினைத்துக்கொண்டு போனேன். அவரோ, “சாப்பிடுறப்ப பேசுமா, தனியா இருக்குறப்ப பேசுமா? எப்ப சத்தம் ஜாஸ்தி?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அன்றைக்கு நிறுத்தாமல் பேசினேன்.

ஐந்தாறு வாரம் கழித்து ஒருநாள், “பொம்பளைங்க கூடுனாலே உங்களப் பத்தித் தப்பாப் பேசுறாங்கன்னு பத்துக்கு எவ்வளவு நம்புறீங்க?” என்றார்.

“பத்துக்குப் பத்து.”

“சரி. அது நெசமான்னு எப்படிப் பாக்கலாம்?”

“கிட்ட உக்காந்து கேட்டாத்தான் தெரியும்” என்றேன். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது.

அடுத்த வாரம் அண்ணனின் ஜீப்பில் அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். கையில் ஒரு நோட்டு. கேட்பதைக் கேட்டபடியே எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வளைவுக்குள்ளேயே உள்ளங்கை வேர்த்து, பேனா நழுவியது. அவர்கள் ஒருத்தியின் பல்வலியைப் பற்றிப் பேசினார்கள். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கக் காலில் என்ன தடவலாம் என்று பேசினார்கள். “வேகம் வா, வேகம் வா” என்று தோட்டத்து மேஸ்திரியின் மலையாளத்தை ஒருத்தி பேசிக்காட்ட, வண்டியே சிரித்தது. பாதி மலை ஏறியபோது பின்னால் ஒருத்தியின் குரல் தணிந்தது.

“ஏத்தா, அது டிரைவரு தங்கச்சிதான?”

அதையும் நோட்டில் எழுதினேன்.

“ஆமா. என்னமா எளச்சுப்போச்சு பாரு. மேலுக்கு முடியாம கெடந்துச்சாம்.”

“பாவம், குளுருது போல. இந்தத் துண்ட அதுகிட்டக் குடு.”

துண்டு என் தோளில் வந்து விழுந்தது. மேலே போடிமெட்டு டீக்கடையில் வண்டி நின்றதும், துண்டு கொடுத்த அம்மாள் தூக்குவாளியைத் திறந்து ஒரு இட்லியை நீட்டினார். “வெறும் வயித்தோடயா வந்த தாயி? தின்னு.”

தின்னாதே என்றது குரல். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அதே வாளியிலிருந்து அவரும் ஒன்றை எடுத்துத் தின்றார். நான் பாதி தின்றேன். மீதியை மடியில் முடிந்துகொண்டேன்.

நோட்டைப் படித்துப் பார்த்த மேடம், “அப்ப உங்களப் பத்திப் பேசத்தான் செஞ்சிருக்காங்க” என்றார்.

“பேசுனாங்க மேடம்.”

“இப்ப பத்துக்கு எவ்வளவு?”

“பேசுறாங்கங்கிறது பத்துக்குப் பத்து. கெட்டது பேசுறாங்கங்கிறது நாலு இருக்கும்.”

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறு மாதம் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பயத்தை எழுப்பும் பகுதிக்கும், பொறுத்து யோசிக்கும் பகுதிக்கும் நடுவே இருக்கும் தொடர்பு மாறுகிறதா என்றுதான் தேடுகிறோம் என்றார் மருத்துவர். என் படத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார். சாம்பல் நிறத்தில் வால்நட் பருப்பு மாதிரி இருந்தது.

“ஒருத்தர் படத்த வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. நெறையப் பேரோடத சேத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

அண்ணனுக்கு ஏமாற்றம். “அப்ப எந்தங்கச்சி மண்டைக்குள்ள என்ன ஆச்சுன்னு தெரியவே தெரியாதா சார்?”

“அத நீங்க அவங்ககிட்டயே கேக்கலாமே.”

அண்ணன் அதை மனதில் வைத்துக்கொண்டிருந்து, பஸ் உசிலம்பட்டி தாண்டும்போது நிஜமாகவே கேட்டார். “என்னத்தா ஆச்சு?”

“முன்னாடி அது பேசுனதும் ஒடனே பயம் வந்துரும்ணே. இப்ப பேசுனா கொஞ்சம் நிக்கிறேன். நெசமான்னு பாக்குறேன். அதுக்குள்ள பாதி பயம் போயிருது.”

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்றில் தூசி என்றார்.

இப்போது நானே அந்த ஜீப்பில் வேலைக்குப் போகிறேன். மேலே ஒரு தோட்டத்தில் காய் உலர்த்தும் இடத்தில் வேலை. மாத்திரை தொடர்கிறது. குரல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வரும். போன மழைக்காலத்தில் தூக்கம் கெட்டுப் பத்து நாள் சிரமப்பட்டேன். மேடத்துக்கு போன் போட்டேன், மருத்துவர் மருந்தைக் கொஞ்சம் கூட்டினார், சரியானது.

சமீபத்தில் ஒருநாள் வண்டியில் ஒருத்தி நேராகவே கேட்டாள். “எதுக்குத்தா மாசாமாசம் மதுரைக்குப் போற?”

நோயின் பெயரைச் சொன்னேன். காதில் குரல் கேட்கும் என்பதையும் சொன்னேன். ஜீப் ஒரு வளைவு ஏறித் திரும்பியது.

பிறகு அவளே, “அடுத்த தடவ போறப்ப சொல்லு. மதுரைல நைட்டி நல்லா இருக்குமாம், எனக்கு ரெண்டு எடுத்துட்டு வா” என்றாள்.

“என்ன கலரு?” என்றேன்.