ஒரே எண்ணில் நாற்பத்தொரு பேர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மதுரை கே.கே. நகரில் ஒரு சிறிய தன்னார்வ அமைப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மக்கள் பிரச்சினைகளுக்காக இணையத்தில் கையெழுத்து திரட்டி, அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அதற்கான சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. யார் கையெழுத்துப் போட்டாலும் அவருக்கு அதில் ஒரு பதிவு உருவாகும். பெயர், தெரு, செல்போன் எண். ஒரே ஆள் இரண்டு முறை போட்டால் கண்டுபிடிக்க, செல்போன் எண்ணைத்தான் அடையாளமாக வைத்திருந்தேன். ஓர் எண் என்றால் ஓர் ஆள். கம்ப்யூட்டர் படித்த எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அப்போது செல்லூரில் ஒரு சந்தில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து வந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு. குழாயை மாற்றக் கேட்டு ஒரு மனு ஆரம்பித்தோம். வியாழக்கிழமை காலை மாநகராட்சி அலுவலகத்தில் அதைக் கொடுப்பதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை பட்டியலைச் சரிபார்த்தபோது, ஒரே எண்ணிலிருந்து நாற்பத்தொரு கையெழுத்துகள் வந்திருந்தன. யாரோ வாய்க்கு வந்த பெயரையெல்லாம் அடித்துவிட்டிருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் பொத்தானை அழுத்தினேன். கடைசியாகப் பதிவான ஒரு பெயர் மட்டும் நின்றது. அதோடு விட்டேனா? 'போலிக் கையெழுத்துகள் நீக்கப்பட்டன' என்று அந்த எண்ணுக்கு ஒரு மெசேஜும் அனுப்பினேன்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்த கையோடு ஓர் அக்கா வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். விசைத்தறியில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். செல்போனை என் முன்னால் நீட்டினார்.

"இந்த மெசேஜ் அனுப்புனது யாரு பாப்பா?"

"நான்தான்க்கா. ஒரே நம்பர்ல இம்புட்டுப் பேரு எப்படி வரும்?"

"எங்க சந்துல முக்காவாசி வீட்டுல ஒரு போன்தான். அதையும் வீட்டுக்காரரு வேலைக்குக் கொண்டுபோயிருவாரு. பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க? நான்தான் என் போனைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயி, அவங்கவங்க பேரைக் கேட்டுக் கேட்டு அடிச்சேன். போனு ஒண்ணுங்கிறதுக்காக ஆளும் ஒண்ணாயிருமா?"

அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். ஒருமுறை சேர்த்ததைத் திரும்பப் பிரிக்க அதில் வழியில்லை. நாற்பது பெயர்களும் போனது போனதுதான். அவரிடம் அதைச் சொன்னேன். என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நோட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு வா. போவோம்" என்றார்.

சந்தில் முதல் வீட்டு வாசலில் நான் பேச வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறாம். இந்தப் பிள்ள நேர்ல எழுதிக்கிட்டுப் போக வந்திருக்கு" என்றார். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பேச்சு. என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

ஒரு வீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து முதல் நாள்தான் திரும்பிய குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண், "அன்னைக்கே பேரு சொன்னேனே, அப்ப நான் அதுல இல்லையா?" என்று கேட்டார். இப்போது எழுதிக்கொள்கிறேன் என்று நோட்டைத் திறந்தேன். அவர் ஒரு செம்பில் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டினார். நாற்றம் குடலைப் புரட்டியது. அவர் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆள் வேறு, போன் வேறு. போன் அந்த ஆளைக் கூப்பிட ஒரு வழி, அவ்வளவுதான். கையெழுத்து என்பது அவர் தன் பிள்ளைக்காகச் செய்த காரியம். இந்த மூன்றையும் நான் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டு வீடுகள் பூட்டியிருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் வேலை பார்க்கும் தறிக்கூடத்துக்கே அக்கா என்னைக் கூட்டிப்போனார். தறிச் சத்தத்தில் பெயரைக் காதோடு கேட்டு எழுதிக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொன்றும் நோட்டில் ஏறிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில், "மன்னிச்சிருங்கக்கா. எல்லார்கிட்டயும் என் தப்பை மறைச்சுட்டீங்க" என்றேன்.

"மறைக்காம? தெருவுல சொன்னா உன்னைப் பிடிபிடின்னு பிடிச்சிருப்பாங்க. பெறகு நீ இந்தப் பக்கமே வரமாட்ட. எங்களுக்குத் தண்ணி வேணும்ல" என்று சிரித்தார். "நாளைக்கு நேரத்தோட வந்துரு. நானும் வாரேன்."

வியாழக்கிழமை, நோட்டிலிருந்த பெயர்களையும் சேர்த்திருந்த மனுவைப் புரட்டிய அதிகாரி, "என்னம்மா, இத்தனை பேருக்கும் போன் நம்பர் ஒண்ணாவே இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "பக்கத்துலயே வீட்டு நம்பர் இருக்கு சார். எந்த வீட்டுக்கு வேணா வாங்க, ஆளைக் காட்டுறேன்" என்றார். அடுத்த வாரம் அந்த அதிகாரியே சந்துக்கு வந்து பார்த்தார். ஒன்றரை மாதத்தில் புதுக் குழாய் பதித்தார்கள்.

மனு கொடுத்த அன்றைக்கே சாஃப்ட்வேரை மாற்றியமைத்தேன். ஓர் எண்ணில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் அழிப்பதற்கு முன்னால் அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பேசுகிறேன். அந்த அக்கா என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த வேலையையே விட்டிருப்பேன்; ஒரு நாள் கூலியை விட்டு என்னோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினாரே, அதனால்தான் இன்றைக்கும் திரையில் ஒரு பெயரைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு வீட்டு வாசல் எனக்குத் தெரிகிறது.