மறுபடியும் வேன் ஓட்ட வைத்தாள் அம்மன்

போன வருடம், தைப்பூசம் முடிந்த இரண்டாவது வாரம். செவ்வாய்க்கிழமை மதியம். பள்ளி விட்டு ஒன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் காப்பாருக்கு வேனை ஓட்டி வந்துகொண்டிருந்தேன். இடது பக்கச் சாலையிலிருந்து ஒரு மணல் லோரி, சிவப்பு விளக்கில் நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து மோதியது.

யாரும் சாகவில்லை. அம்மன் காப்பாற்றினாள். எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. முன் வரிசையில் இருந்த யாழினிக்குக் கால் முறிந்தது. அவளுக்கு எட்டு வயது.

என் தோள் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. நான் சரியாகவில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் கை வியர்க்கும், மூச்சு முட்டும். டீசல் வாடை பட்டால் வாந்தி வரும். கணவரின் காரில்கூட ஏற முடியவில்லை. பழுது பார்த்த வேன் வாசலில் நின்றது. அதைப் பார்க்கப் பயந்து சன்னல் திரையை மூடியே வைத்திருந்தேன். பதினாறு வருடமாகப் பிள்ளைகள் “வேன் ஆன்டி” என்று கூப்பிட்ட நான், வீட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். யாழினியின் அம்மா புவனா மூன்று முறை வந்தார். மூன்று முறையும் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது?

நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். “அம்மா, அந்த லோரியை என் கண்ணிலிருந்து எடுத்துவிடு.” வேறு எதுவும் கேட்கவில்லை. கடைசி நாள் பால் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போனேன். சன்னதிக்கு முன்னால் நிற்கும்போது வெளியே ஏதோ ஒரு லோரி ஹாரன் அடித்தது. சொம்பைப் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். பால் முழுதும் தரையில். அப்போது அம்மன்மேல் எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

கிள்ளானில் நர்ஸாக வேலை செய்யும் சரஸ் அக்கா அன்று கோயிலில் இருந்தார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“எவ்வளவு நாளா இப்படி இருக்கு, மல்லிகா?”

“எக்சிடன் ஆனதிலேருந்துக்கா. அம்மாகிட்ட கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். அவ கேக்கவே மாட்டேங்குறா.”

“அவ கேட்டுட்டா லா. அதான் என்னை இங்க உக்கார வெச்சிருக்கா. இதுக்கு ட்ரீட்மெண்ட் இருக்கு. கண்ணை அசைச்சுச் செய்வாங்க.”

கண் என்ற சொல்லைக் கேட்டதும், ‘என் கண்ணிலிருந்து எடுத்துவிடு’ என்று வேண்டியது நினைவுக்கு வந்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தர்ஷினி என்ற மனநல நிபுணரிடம் அக்கா அனுப்பினார். காரில் ஏற முடியாததால் கிள்ளானிலிருந்து ரயிலில் போனேன். முதல் இரண்டு முறை அவர் விபத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. பயம் வந்தால் எப்படி மூச்சு விடுவது, மனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தார். நான் கோயில் கருவறையை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை, கண்ணில் நிற்கும் காட்சி எது என்று கேட்டார். யாழினியின் கால் என்றேன்.

“அதைப் பார்க்கும்போது உங்களைப் பத்தி என்ன தோணுது, ஆன்டி?”

“நான் பிள்ளைங்களைக் காப்பாத்தலை.”

அதை நினைத்துக்கொண்டே அவர் விரலைக் கண்ணால் பின்தொடரச் சொன்னார். விரல் இடமும் வலமும் போய் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தி, “இப்ப என்ன வருது?” என்பார். சொல்வேன். மறுபடியும் விரல் அசையும். மயக்கம் இல்லை, மந்திரம் இல்லை. முழு நினைவோடு இருந்தேன். அழுதேன். அன்று வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருந்தது. அடுத்த வாரம் போக வேண்டாம் என்றுகூட நினைத்தேன்.

போனேன். ஐந்தாவது முறை, என் கைகள் தெரிந்தன. லோரி வந்த பக்கமே அவை ஸ்டீயரிங்கை ஒடித்தன. பிள்ளைகள் இருந்த நடுப்பகுதியில் மோத வேண்டியதை முன்பக்கம் வாங்கிக்கொண்டது. போலீசாரும் இதைத்தான் சொன்னார்கள், கணவரும் சொன்னார். அதுவரை அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. அன்றுதான் மனம் நம்பியது.

“இப்ப என்ன தோணுது?”

“என்னால முடிஞ்சதைச் செஞ்சேன், மிஸ்.”

அந்த விபத்து எனக்கு மறக்கவில்லை. ஆனால் அது இப்போது போன வருடம் நடந்த ஒன்றாக இருக்கிறது. முன்பு தினமும் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது முறை போய் வந்தபின், கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேனைக் கிளப்பினேன். முதல் நாள் எங்கள் தெருமுனை வரை. அப்புறம் பள்ளி வரை.

பிறகு புவனா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

“மூணு தடவை வந்தேனே ஆன்டி, தேங்க்ஸ் சொல்லத்தான் வந்தேன். திங்கக்கிழமையிலேருந்து இவளை ஏத்திக்கிறீங்களா?”

யாழினி உள்ளே ஓடிப்போய்ப் பள்ளிப் பையை எடுத்து வந்து காட்டினாள். அம்மன் என் வேண்டுதலைக் கேட்டாள் என்பதற்கு எனக்கு வேறு அடையாளம் வேண்டாம்.

எல்லாருக்கும் ஒன்பது முறையில் குணமாகுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் கோயிலுக்கு வருகிறவர்களில், சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் நடுங்குகிறவர்கள் இருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மனிடம் கேளுங்கள். அவள் யாரையாவது அனுப்பினால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வைத்தியம் பார்ப்பது பக்திக்குக் குறைவு இல்லை. தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் நான் உங்களோடு வருகிறேன்.