கதிரையிலிருந்து வாசல் மட்டும்

இலண்டனில் வயதானவர்கள் சொன்னவுடனே எழுந்து நடக்கிறார்கள். இத்தனை வருடமாகியும் எனக்கு அது அதிசயம்தான். முதியோர் வார்ட்டில் பிசியோதெரபிஸ்டான எனக்கு அவர்களை நடக்க வைப்பதுதான் வேலை. கதிரையில் இருப்பவரை எழும்பச் சொல்வேன். அவர் நிலத்தில் ஒட்டிய மஞ்சள் நாடா வரை மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து, மறுபடி இருக்கவேண்டும். நான் கைக்கடிகாரத்தில் செக்கன் பார்த்து எழுதுவேன். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்கார அம்மா எழும்பத் தடுமாற, ஓடிப்போய்க் கமக்கட்டில் கை கொடுத்தேன். "நோ, தாங்க் யூ" என்றார். எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராதே! இன்னும் இறுக்கிப் பிடித்துத் தூக்கினேன். அம்மா என்மீது முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டார்.

சென்ற ஆவணியில் அப்பா பண்டத்தரிப்பு வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். பறந்து வந்தேன். எலும்பு முறியவில்லை, வலது இடுப்பு கன்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது ஒன்றுதான்: தானாக எழும்பி நடந்து திரும்பினால் வீட்டுக்கு விடலாம். அம்மா போனபிறகு அப்பா தனியாள். அவர் நடந்தால் ஞாயிற்றுக்கிழமை நான் விமானம் ஏறலாம். நடக்காவிட்டால் லீவை நீட்டவேண்டும், வேலை போனாலும் போகும். இதை அப்பாவிடமே சொல்லித் தொலைத்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

"அப்பா, எழும்புங்கோ. அந்தக் கதவடி மட்டும் போட்டு வாங்கோ."

"கதவடியிலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. சும்மா நடவுங்கோ."

"சும்மா நடக்க எனக்கென்ன விசரோ? கால் ஏலாது பிள்ளை."

மூன்று நாளும் இதே கதை. முகத்தைச் சுளிப்பார், வலது காலைத் தடவுவார், "ஐயோ" என்று ஒரு சத்தம். நடை பார்ப்பதே என் தொழில், இருந்தும் நம்பினேன். பயந்துபோய் லீவு கேட்டுக் கடிதம்கூட எழுதி வைத்தேன்.

வெள்ளி பின்னேரம் என் மாமனார் உடுப்பிட்டியிலிருந்து தோடம்பழப் பையோடு பார்க்க வந்தார். என் கலியாணத்திலிருந்து இந்தச் சம்பந்திகள் இருவருக்கும் ஒரு போட்டி: யார் யாரை அதிக தூரம் வழியனுப்புவது என்று. வீட்டு வாசல் படலையில் தொடங்கி, ஒழுங்கை முடக்குத் தாண்டி, இப்போது பஸ் தரிப்பு மட்டும் போய்விட்டது. கதைத்து முடிந்து மாமா எழுந்தார். அப்பாவும் எழுந்தார். கதிரைப் பிடியில் கை வைக்கவேயில்லை.

"பொறுங்கோ சம்பந்தி, வாசல் மட்டும் வாறன்."

"ஐயோ, உந்தக் காலோடை ஏன்?"

"காலுக்கு என்ன?"

சாரத்தை இறுக்கிக்கொண்டு வார்ட்டின் நீளம் முழுக்க நடந்தார். கையசைத்துவிட்டுத் தடுமாறாமல் திரும்பினார். எதிரே நான், கண் கைக்கடிகாரத்தில். பழக்கதோஷம்! அப்பா என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகுதான் நொண்டத் தொடங்கினார், அதுவும் இடது காலால்.

வயிறு நோகச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. நடந்தால் மகள் போய்விடுவாள் என்று அந்த மனுசன் மூன்று நாளும் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்று விளங்கியபோது அழுகைதான் வந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு விட்டார்கள். ஞாயிறு காலை என்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வான் வந்து படலையடியில் நின்றது. "போட்டு வாறன் அப்பா" என்றேன். அவர் கதிரையை விட்டு அசையவில்லை.

"சம்பந்திக்கு அவ்வளவு தூரம் நடந்தனீங்கள். எனக்குப் படலை மட்டும் வர ஏலாதோ?"

"எழும்பி வந்து அனுப்பிவிட நீ என்ன விருந்தாளியோ? இது உன்ரை வீடெல்லே."

பெட்டியை இழுத்துக்கொண்டு தனியே நடந்தேன். எழும்புவது, நடப்பது, திரும்புவது, வந்து இருப்பது. எத்தனையோ பேரைச் செய்ய வைத்த எனக்கு அந்தச் சோதனையில் முதல் மூன்றும் சரியாகவே வந்தன. படலையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில் நான் எழும்பி வந்த கதிரை வெறுமையாகக் கிடந்தது. வான்காரர் ஹோர்ன் அடித்தார்.