தங்கைக்கு ஒரு கதவு

அலுவலகத்தில் அவளுக்கு ‘மூணுவழி’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதுக்கு எட்டியபோது விருது கிடைத்தவள்போல் பூரித்துப் போனாள். நீதிமன்றக் கட்டடங்களுக்குப் பிளான் போடுவது அவள் வேலை. நீதிபதி வர ஒரு வழி, கைதியைக் கொண்டுவர ஒரு வழி, பொதுமக்களுக்கு ஒரு வழி. மூன்றும் எங்கேயும் முட்டிக்கொள்ளக் கூடாது. உப்பு டப்பா, தண்ணீர் ஜாடி, கரண்டி மூன்றையும் நகர்த்தி நகர்த்திச் சாப்பாட்டு மேசையில் கணவருக்கு இதை விளக்குவாள். சாப்பாடு ஆறிப்போகும். அவரும் பாவம், தலையாட்டி வைப்பார்.

அவள் கட்டிய புது நீதிமன்றம் திறந்த கையோடு, தங்கையின் வழக்கும் அங்கேதான் வந்தது. கைநீட்டிய கணவன்மேல் தங்கை போட்ட வழக்கு. தங்கை வாய் திறந்து சொன்னால்தான் அது நிற்கும். “பயப்படாம போ, நம்ம கட்டடம்” என்று முதுகில் தட்டி அனுப்பினாள் அக்கா. அங்கே குசுகுசுத்தால்கூடக் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி கூரையைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன் என்று பெருமை வேறு.

போன தங்கை கூண்டில் ஏறவே இல்லையாம். உடம்பு முடியவில்லை என்று வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பின்வாங்குவாயா என்று திட்டித் தீர்த்தாள்.

தங்கை குரலை உயர்த்தவில்லை. “ஜட்ஜுக்குத் தனி வழி வச்சே. ஜெயில்ல இருக்கறவனுக்கும் தனி வழி வச்சே. இவரு ஜாமீன்ல இருக்காருக்கா. பொதுவழியிலதான் வந்தாரு. என் பெஞ்சுலயே உக்காந்து, முழங்கால் இடிக்க இடிக்க, என்னையே பாத்துட்டு இருந்தாரு. நான் எங்க போய் உக்கார்றது?”

அக்கா பிளானை எடுத்து விரித்தாள். பொதுமக்கள் என்று ஒரே கட்டத்துக்குள் எழுதிவிட்டால் அடித்தவனும் அடிபட்டவளும் ஒன்றாகிவிடுவார்களா? ஊருக்கெல்லாம் வழி போட்டவள் கூடப்பிறந்தவளைக் கோட்டை விட்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

மறுநாளே நீதிமன்ற நிர்வாகியிடம் போய் ஒற்றைக்காலில் நின்றாள். விசாரணைக் கூடத்தை ஒட்டித் துடைப்பமும் வாளியும் வைக்கும் அறை ஒன்று இருந்தது. பக்கவாசல் வழியாக யார் கண்ணிலும் படாமல் அதற்குள் போய்விடலாம். நடுச்சுவரில் ஒரு கதவு வைத்தால் நேரே கூடம். துப்புரவு மேஸ்திரி மூக்கால் அழுதார். அவருடைய வாளிகள் மாடிப்படிக்குக் கீழே குடிபோயின. அறைக்கு நாற்காலி வந்தது, குடிக்கத் தண்ணீர் வந்தது, உள்பக்கம் தாழ்ப்பாளும் வந்தது.

அடுத்த வாய்தாவன்று அக்கா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். புதுக் கதவு திறந்தது. தங்கை நேரே கூண்டேறினாள். முன்வரிசையில் கணவன் தொண்டையைச் செருமினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவள் பேசியது கடைசி பெஞ்சு வரை கேட்டது. அக்கா அத்தனை கணக்குப் போட்டு வைத்த கூரை அதற்குத் தேவையே படவில்லை. வெளியே வராந்தாவில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.