தாங்குமாண்ணே?

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்தது. பாதியை விஜேந்திரன் அத்தான் பதுளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார். மீதியை என் கண்ணால் பார்த்தேன்.

அத்தான் என் கணவர் நிஷாந்தின் அண்ணன். அப்புத்தளையில் கராஜ் வைத்திருப்பவர். நிஷாந்திடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட். மார்ச் 4, பிற்பகல் 3.47க்கு, பசறை ரோட்டு வளைவொன்றில் அதன் ட்ரைவ் ஷாஃப்ட் முறிந்தது. கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போகிற நீளக் குழாய் அது. சுழன்ற வேகத்தில் காரின் அடித்தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. நிஷாந்தின் வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

"வெளியில எங்கயோ வாங்கி மாட்டிக்கிட்டான். என் பேச்சக் கேக்கல."

அத்தான் பொலிசில் இப்படித்தான் சொன்னார். என்னிடமும் இதையே சொன்னார். நம்பினேன். செத்துப்போன மனுஷன் மேல் நாள்கணக்காகக் கோபத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

நிஷாந்த் கொழும்பில் சொல்லிவைத்திருந்த புது ஷாஃப்ட் மார்ச் 26 அன்று வந்து சேர்ந்தது. அந்தக் காருக்கென்றே அளவெடுத்த ஒரே அலுமினியக் குழாய், நடுவில் ஒட்டே கிடையாது. பொலிசார் முறிந்த துண்டுகளை அன்றைக்கே சாக்கில் கட்டி முத்திரை வைத்துக்கொண்டு, காரை விட்டிருந்தார்கள். "பூட்டி யாருக்காவது குடுத்துருங்க அத்தான். அது என் கண்ணுல படக்கூடாது" என்றேன்.

மறுநாள் மதியம், கராஜில் வேலை செய்யும் அழகர் போல்ட் வாங்கப் பண்டாரவளைக்குக் கிளம்பினார்.

"நா வர்ற வரைக்கும் பூட்டாதீங்க. ஒத்த ஆளா தூக்குனா மூஞ்சியில விழும். ஏற்கனவே அது சுமார்தான்."

"போய்யா, பஸ்ஸு போயிரும்."

ஆனால் அத்தானுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூன்றரைக்கெல்லாம் மூடுபனி கராஜுக்குள்ளேயே வந்துவிட்டது. கார் நாலு ஸ்டாண்டில் ஏறி நின்றது. பற்றரிகூட இல்லை. புது ஷாஃப்ட் வந்த பெட்டியின் டேப்பை அறுத்து, குழாயை உருவி, அடியில் படுத்து, முன்முனையை கியர் பெட்டிக்குள் செருகினார். பின்முனை தொங்கியது. அதைத் தாங்க இன்னொரு ஆள் வேண்டும்.

3.41. பின்னால் காலடி.

"அழகரு, வந்துட்டியா? தூக்கு."

பின்முனை மேலே எழுந்தது.

"இன்னுங் கொஞ்சம்."

எழுந்தது. பதில் மட்டும் இல்லை. அழகர் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற ஆளில்லை.

அத்தான் கழுத்தைத் திருப்பினார். பனிக்குள் ஒரு பழுப்பு பூட்ஸ். அழகர் போடுவது ரப்பர் செருப்பு.

ஒரே ஒரு பூட்ஸ்... இடது கால்.

அப்போதுதான் கையிலிருந்த கனம் உறைத்தது. அலுமினியம் இப்படிக் கனக்காது. கட்டைவிரலால் தடவினார். குழாயின் நடுவே ஒரு தடிப்பு. வெல்டிங் தடிப்பு. அது யார் போட்டது என்று அவருக்குத் தெரியும்.

ஜனவரியில் அவரே போட்டது. "புதுசுக்கு ரெண்டு மாசம் காத்துக் கெடக்கணுமாடா?" என்று ஒரு பழைய வேன் ஷாஃப்டை வெட்டி, நீளம் குறைத்து, ஒட்டி, தம்பியின் காருக்கு மாட்டினார். நிஷாந்த் அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

அதே கேள்வி. பின்முனையிலிருந்து. மெதுவாக.

"தாங்குமாண்ணே?"

அத்தான் கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

டக்...

குழாய் கால் சுற்று திரும்பியது. இஞ்சின் ஓடவில்லை.

டக்... டக்...

"தாங்கும்டா, தேயில ஃபெக்டரி ரோலரையே ஒட்டி ஓட்டுனவன் நான்னு சொன்னியேண்ணே..."

டக் டக் டக் டக்.

சட்டைக்கை சுற்றியது.

தோல் சுற்றியது.

எலும்பு.

3.47.

கத்தல் கேட்டு, கராஜுக்கு மேலே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஓடி வந்தேன். அத்தானை இழுத்து வெளியே போட்டது நான்தான். காருக்கு அடியில் இரத்தம். வேறு ஒன்றுமில்லை. எந்தக் குழாயும் பூட்டியிருக்கவில்லை. புது ஷாஃப்டின் பெட்டி சுவரோரம் சாய்ந்திருந்தது. டேப் அறுபடவேயில்லை.

அவர் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. ஐந்து மணி பஸ்ஸில் வந்த அழகர் டோர்ச் அடித்து மூலைமூலையாகத் தேடினார். கிடைக்கவில்லை.

"ஒட்டுனது நாந்தான் விதுஷா. அவன் மேல பழியப் போட்டுட்டேன்" என்று ஆஸ்பத்திரியில் அத்தான் அழுதார். நான் அழவில்லை. "இத பொலிசுல சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

அந்த ஒட்டைப் பார்ப்பதற்காக ஏப்ரல் 2 காலை 10.20க்கு என் முன்னால்தான் சாக்கைப் பிரித்தார்கள். முறிந்த துண்டுகள் இரண்டு. ஒட்டு பிளந்த இடத்தில், இரும்புக்கு நடுவே, இரண்டு விரல்கள் நசுங்கிக் கிடந்தன. ஒன்றில் செப்பு மோதிரம்.

"உங்க புருஷனோடதா?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

இல்லை. சவப்பெட்டிக்குள் அவர் கைகளை எடுத்து நெஞ்சில் வைத்தது நான். பத்து விரலும் இருந்தன.

அந்த மோதிரத்தை எனக்குத் தெரியும். அத்தான் கழற்றியதே இல்லை.

சாக்கின் அரக்கு முத்திரை அதுவரை உடைபடவில்லை. அதில் போட்டிருந்த தேதி, மார்ச் 4.