தண்ணீர் வண்டிக்கு ஒரு மட்ஃபிளாப்

லோடு வண்டிக்கு மட்ஃபிளாப் மாட்டுகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வாங்குகிறவர் ஒருத்தர், அதனால் நன்மை அடைகிறவர் பின்னால் வருகிற வேறொருத்தர். மழை நாளில் பூந்தமல்லி ரோட்டில் ஸ்கூட்டரில் போய், முன்னால் போன பிக்கப் வாரி இறைத்த சேற்றை முகத்தில் வாங்கிய புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, நான் உங்கள் கட்சிதான். சேக்காட்டில் எங்கள் கடை. சீட் கவர் என் வீட்டுக்காரர் பொறுப்பு. டயருக்குப் பின்னால் தொங்கும் ரப்பர் என் பொறுப்பு. அவர் அதிகம் பேசமாட்டார். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். போன மழைக்காலத்தில் ஒரே ஒரு வாடிக்கையாளர் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். கடை வைத்து அவதிப்படுகிறவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

சட்டைப் படம்

அந்த வாடிக்கையாளரின் பெயர் தேவா. பிக்கப் வண்டியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். ஒரு நாள் காலையில் வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். யாரோ ஒருத்தருடைய சட்டையின் முன்பக்கம், காலரிலிருந்து பெல்ட் வரை ஒரே சேறு. அடுத்த படம் அதே சட்டை, ஸ்கூட்டர் கண்ணாடியோடு. அவன் தண்ணீர் போடுகிற பெரிய ஃபிளாட்ஸின் வாட்ஸப் குரூப்பில் வந்ததாம். மெயின் ரோட்டிலிருந்து அந்த ஃபிளாட்ஸுக்குப் போகிற சந்து முழுக்கக் குண்டும் குழியும். இவன் வண்டிக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் அபிஷேகம் நடந்திருக்கிறது. இனி ஒருத்தர் மேல் சேறு தெறித்தாலும் வண்டியை உள்ளே விடமாட்டோம், வேறு ஆளிடம் தண்ணீர் வாங்கிக்கொள்வோம் என்று அசோசியேஷன் செயலாளர் சொல்லிவிட்டாராம்.

"இருக்கறதிலேயே நீளமான ரப்பர் குடுக்கா" என்றான். நீளம் ஆபத்து, தரையிலிருந்து நாலு விரல் இடைவெளியாவது வேண்டும் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். தேவா கேட்கிற நிலையில் இல்லை.

"ரோட்டைப் பெருக்கிக்கினு போனாலும் பரவால்லக்கா, மாட்டு. என் சோறே அந்த கேட்டுக்குள்ளதான் கீது."

கையோடு வந்தது

மறுநாள் தேவா மறுபடி வந்தான். நான் மாட்டிக் கொடுத்த நீள மட்ஃபிளாப்பில் ஒன்றுதான் வண்டியில் இருந்தது. இன்னொன்று, மாட்டிய கம்பியோடு, அவன் கையில் இருந்தது. ஃபிளாட்ஸ் கேட்டுக்கு வெளியே வண்டியைத் திருப்ப ரிவர்ஸ் எடுத்திருக்கிறான். பின்னால் வேகத்தடை. ரப்பரின் நுனி டயருக்கு அடியில் போய்ச் சிக்க, டயர் அதன்மேல் ஏற, வேரோடு பிடுங்கினது போல வந்துவிட்டது. நீளமான ரப்பர் கேட்கிற எல்லாருக்கும் நான் சொல்லும் கதை இதுதான். இவனுக்கும் முந்தின நாள்தான் சொன்னேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை நன்றாகவே கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் சீட் கவர் தைக்கிற மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். தேவா அந்த ரப்பரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, நியாயமாகவே பேசினான்.

"முன்னாடி போற வரிக்கும் சூப்பரா வந்துச்சுக்கா. ரிவர்ஸ் எடுத்தேன், ரப்பரு நம்மள நம்பல, பிச்சிக்கினு பூடுச்சு."

ஆசி வேண்டாம்

தேவாவின் வண்டியில் கம்பியை வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி புது பிக்கப்போடு வந்தார்கள். மட்ஃபிளாப்பில் 'அப்பா அம்மா ஆசி' என்று மஞ்சள் எழுத்தில் வேண்டும் என்றார் அவர். நம் பக்கம் அதுதான் வழக்கம். அந்த அம்மா பிடித்துக்கொண்டார்: "உங்க அப்பா அம்மாவ சேத்துல தொங்க உடுவியா? நாளைக்கு மாமியார் என்னத்தான் கேப்பாங்க." சரி, பிள்ளை பேர் என்றார் அவர். பிள்ளை மேல் சேறு அடிக்கலாமா என்றார் இவர். குலசாமி பேர் என்று அவர் ஆரம்பித்ததும் அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"உன் பேரையே போட்டுக்கோ" என்றார் அந்த அம்மா. தன் பேரில் ஊர் சேறெல்லாம் அடிக்கும் என்று இப்போது அவர் மறுத்தார். வெல்டிங் முடிந்தது, தேவா டீயும் குடித்து முடித்தான், அவர்கள் முடிக்கவில்லை. டயர் அகலம் என்ன, ரப்பர் தடிமன் போதுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் அந்த மனிதர் என் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தார்.

"இன்னா எழுதினாலும் ஊட்ல சண்டைதான். ஒண்ணும் எழுதாத கறுப்பு ரப்பரா குடு தாயி."

லோடோடு வரவும்

இந்த முறை தேவாவுக்கு நான் சொன்ன அளவுதான். தரைக்கு நாலு விரல் மேலே, டயரை உரசாமல், டயரின் அகலத்தை முழுசாக மறைக்கிற தடித்த ரப்பர். பார்க்கவே லட்சணமாக இருந்தது. அரை மணி நேரத்தில் போன் வந்தது. கேன் ஏற்றியதும் வண்டி அமுங்கி, ரப்பர் தரையைத் தொட்டுவிட்டதாம். காலி வண்டியில் அளவெடுத்தால் இப்படித்தான் ஆகும். அதனால், கேனோடு வா, லோடு இருக்கும்போதே அளவெடுத்து மாட்டுகிறேன் என்றேன்.

வந்தான். கடை வாசலில் வண்டி நிறைய நிறை கேன்கள். நான் வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் காலிக் கேனோடு ஒரு வரிசை நிற்கிறது. விற்பனைக்கு இல்லை என்று எத்தனை தடவை சொல்வது? யாராவது கேனை எடுத்துவிட்டால் வண்டி எழும்பி என் அளவு தப்பிவிடும் என்ற பயத்தில், கையில் ஸ்பானரோடு காவல் நின்றேன். எதிர் டீக்கடைக்காரர் நிதானமாக வந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"தண்ணிக் கேன் போட்டா சொல்ல மாட்டியாக்கா? எனக்கு ரெண்டு எறக்கு, அப்பறம் உன் ரப்பரப் பாரு."

வெள்ளைச் சட்டை

மறுநாள் காலை பரீட்சை. செயலாளரே தேர்வாளர். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. கம்பெனியில் வேலை, கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். வேண்டுமென்றே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மெயின் ரோட்டிலிருந்து ஸ்கூட்டரில் வண்டிக்குப் பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டார். தேவா தனியாகப் போகப் பயந்தான். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். ராத்திரி பெய்த மழையில் சந்து குளமாகிக் கிடந்தது. கேட்டருகே ஆபீஸ் போகிறவர்கள் பேண்டை மடித்து, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். நாங்கள் உள்ளே போய் நின்றோம். செயலாளர் வந்து இறங்கினார். சட்டையில் ஒரு பொட்டு இல்லை. தேவா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான். எனக்கும் கண் கலங்கியது, ஏன் மறைக்க வேண்டும்?

கேன்களை இறக்கினான். காலிக் கேன்களை ஏற்றிக்கொண்டு சந்தோஷத்தில் கிளம்பினான். ஆபீஸுக்குப் புறப்பட்ட செயலாளர் மறுபடி எங்களுக்குப் பின்னால். முதல் குழியில் இறங்கி ஏறியதும் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டினது போல இருந்தது. லோடு போனதும் வண்டி எழும்பி, ரப்பரும் கூடவே எழும்பிவிட்டது. தேவா வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

நான் இறங்கி ஓடி, இன்னும் இறக்கிக் கட்டினால் லோடு ஏற்றும்போது தரையில் உரசும், ரிவர்ஸில் பிய்யும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரப்பரைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டருகே ஷூவும் கையுமாக நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, கனம் இருந்தா ரப்பர் வேலை செய்யுது, அவ்வளவுதானுங்களே? அப்ப வெளிய போறப்ப எங்க ஆளுங்களை மெயின் ரோடு வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போங்க தம்பி. மொத ஆளா நானே ஏறிக்கிறனுங்க. உங்க வண்டிக்குப் பின்னால வர்றதுக்கு, வண்டி மேலயே வந்துட்டாத் தேவலை."

இப்போது மழை பெய்தால் அந்த ஃபிளாட்ஸே தேவாவின் வண்டி எப்போது வரும் என்று வாசலில் நின்று பார்க்கிறது. மூன்று தடவை கழற்றி மாட்டிய என் ரப்பரைப் பற்றித்தான் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு நல்ல வார்த்தை வந்தபாடில்லை.